செனிக் அண்ணை

அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் அடுக்குமாடியின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் தும்மினால் எங்கள் குசினிக்குக் கேட்கும். மேல்மாடிப் பிள்ளைகள் ஓடினால் எங்கள் விளக்கு ஆடும். அவருடைய வீடு எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கேயிருந்து மட்டும் ஒரு ஓசையும் வராது. புதிதாக வந்த காலத்தில், நல்ல ஒற்றுமையான குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஒஸ்லோத் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் 'செனிக் அண்ணை'. கரும்பச்சை நிறத்தில் ஒரு ரெனோ செனிக் வைத்திருந்தார். மழையிலும் பனியிலும் அது மட்டும் துடைத்து வைத்ததுபோல நிற்கும்.

நான் கலியாணமாகி நோர்வேக்கு வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்துக்கு என் கணவரோடு வந்தவரும் அவர்தான். எங்களுக்கு அப்போது கார் இல்லை. என் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தார். பின்னுக்கு மூன்று தனித்தனி இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

"உங்கடை பெட்டியளுக்கெண்டு ஒரு சீற்றைக் கழட்டி வைச்சிட்டு வந்தனான், தங்கச்சி. ஒரு நிமிச வேலை. பிடியை இழுத்து, மடக்கி, தூக்கினாச் சரி."

வழியெல்லாம் அந்தக் காரின் கதையைத்தான் சொன்னார். றோட்டின் இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த மரங்கள். இனிமேல் இதுதான் என் ஊரோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவருடைய அமைதியான குரல் அப்போது ஆறுதலாக இருந்தது.

"நான் பிரான்சிலை இருந்த ஊரிலைதான் இது பிறந்தது. டுவே. வடக்கை. ஃபக்ரறிக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினனான். முந்திக் குடும்பக் கார் எண்டா என்ன? முன்னுக்கு ரெண்டு பேர், பின்னுக்கு ஒரு நீட்டு வாங்கு. பிள்ளையள் அதிலை இடிபட்டுச் சண்டை பிடிச்சுக்கொண்டு வரும். பெரிய வான் வாங்க எல்லாருக்கும் வசதியில்லை. இவங்கள் என்ன செய்தவங்கள், ஒரு சாதாரணக் காரின்ரை அடித்தட்டை எடுத்து, அதுக்கு மேலை உயரமா ஒரு உடம்பைக் கட்டினாங்கள். முட்டை மாதிரி. பின்னுக்கு ஆளுக்கொரு சீற். சாப்பிட ஆளுக்கொரு தட்டு. காலடியிலை சாமான் வைக்க ஒரு குழி. முதல்லை எல்லாரும் சிரிச்சவை. அடுத்த வருசமே ஐரோப்பாவிலை நல்ல கார் எண்டு பரிசு குடுத்தவங்கள். பிறகு ஓப்பல், சித்ரோன், ஃபோக்ஸ்வாகன் எல்லாரும் இதைப் பாத்துத்தானே செய்யிறாங்கள்."

"அண்ணைக்குப் பிள்ளையள் எத்தினை?" என்று நான் கேட்டேன்.

"மூண்டு," என்றார். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூண்டு சீற், மூண்டு பிள்ளையள். அளவெடுத்துச் செய்த மாதிரி."

அவருடைய மனைவி றீற்றா அக்காதான் மிச்சக் கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னா. அவர் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டபோது மூத்தவன் ஜூட் சின்னப் பையன், டிலானி நடக்கத் தொடங்கியிருந்தாள், கடைசி மெரின் வயிற்றில். அவர் பிரான்சில் அகப்பட்டுக்கொண்டார். அக்கா பிள்ளைகளோடு தமையன் இருந்த நோர்வேக்கு வந்து சேர்ந்துவிட்டா. அவருக்கு அங்கே வதிவிடப் பேப்பர் கிடைக்க வருடக்கணக்கானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பார். பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கதைக்க மாட்டார்கள். வேலைக்குப் போகிற பஸ் தரிப்பில் நின்றபடி, ஃபக்ரறியிலிருந்து அந்தக் கார்களை லொறியில் அடுக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பாராம். ஒருநாள் ஒரு காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவே ரெலிபோனில் சொன்னாராம்: "றீற்றா, பிள்ளையளுக்கு இடம் பாத்து வைச்சிட்டன்."

"அந்தக் காருக்குள்ளை அவர் இருத்தி வைச்சிருந்த பிள்ளையள் வேறை, தங்கச்சி. இஞ்சை வந்து கண்ட பிள்ளையள் வேறை," என்றா அக்கா. "இதுகள் நோர்ஸ்க் பாஷையிலை கதைச்சுச் சிரிக்குங்கள். இவர் வாசல்லை நிண்டு பாப்பார். ஒண்டும் சொல்லமாட்டார்."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போகும்போது அந்தக் குடும்பம் காரில் ஏறுவதை நான் எத்தனையோ முறை பல்கனியில் நின்று பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் ஜூட், நடுவில் மெரின், வலப்பக்கம் டிலானி. முன்னால் அக்கா, மடியில் கை வைத்தபடி. அவர் கடைசியாக ஏறுவார். பின்னுக்குத் திரும்பி மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கார் நகரும்.

ஒருமுறை டிலானி காலை நீட்டி மெரினின் பக்கம் வைத்துவிட்டாளாம். மெரின்தான் எனக்குச் சொன்னாள். அப்பா காரை றோட்டோரம் நிறுத்தி எஞ்சினையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. பக்கத்தால் லொறிகள் போகப் போக கார் ஆடிக்கொண்டிருந்ததாம். என்ன பிழை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கண்ணாடி எல்லாம் மூச்சுப் புகார் பிடித்து வெளியே ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் டிலானிக்கு விளங்கியது. காலை எடுத்தாள். கார் வெளிக்கிட்டது.

"அப்பா அடிச்சிருந்தா நல்லம் அன்ரி," என்றாள் மெரின். "அடிச்சா முடிஞ்சிடும்."

ஆனால் அவரை வெறுக்க எனக்கு வழி இருக்கவில்லை. யாருக்கு அவசரமென்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். புதிதாக வந்தவர்களை விசாப் பதிவுக்குக் காவல்துறைக்கும் வைத்தியரிடமும் கூட்டிப் போவார். கைம்மாறு எதிர்பார்க்க மாட்டார். ஒஸ்லோவில் அந்தக் காரில் ஏறாத தமிழ்க் குடும்பம் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

ஜூட் வளர்ந்து ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஒரு நோர்வேப் பெண்ணோடு பழகி, அவளோடு லில்லெஸ்ட்ரோமில் வீடெடுத்து இருக்கப் போவதாகத் தகப்பனிடம் நேரே சொன்னான். அவர் "சரி" என்றாராம். பிறகு தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்தாராம்.

இரண்டொரு நாள் கழித்து நான் குளிர்ச் சப்பாத்து எடுக்க நிலவறைக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடித்த ஒரு சாமான் கூடு உண்டு. 'பூட்' என்பார்கள். வலைக்குள்ளால் பக்கத்துக் கூட்டில் இருப்பதெல்லாம் தெரியும். அவருடைய கூட்டின் நடுவில் ஒரு கார் இருக்கை நின்றது. கண்ணாடிப் பொலித்தீன் சுற்றி, வாசலைப் பார்த்தபடி வைத்திருந்தார். அவரும் அங்கேதான் நின்றார்.

"விமான நிலையத்துக்கோ அண்ணை? ஆரும் வருகினமோ?"

"இல்லைத் தங்கச்சி. ஆளில்லை. ஆளில்லாத சீற் என்னத்துக்கு?"

முகத்தில் கோபம் இருந்தால் பயம் குறைந்திருக்கும். பொலித்தீனின் மடிப்பை விரலால் நீவிவிட்டு, பூட்டுப் போட்டு, எனக்காக லிஃப்ற் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசல் தபால் பெட்டியில் ஐந்து பெயர் இருந்தது. நாலாயிற்று. வரவேற்பறைச் சுவரில் ஜூட் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படம் தொங்கிய இடத்தில் ஆணியும் இல்லை. ஆணித் துளையைக்கூட அடைத்துப் பெயின்ற் பூசியிருந்தார். அந்த மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த ஒருவர் அவரிடம் கேட்டார்: "சார், உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ரெண்டு. ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்."

பக்கத்தில் றீற்றா அக்கா எல்லோருக்கும் கேக் கொடுத்துக்கொண்டு நின்றா. தட்டு அவவின் கையில் அப்படியே நின்றது. பிறகு அடுத்த ஆளுக்கு நீட்டினா.

டிலானிக்கு அண்ணன் என்றால் உயிர். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அவனோடு ரெலிபோனில் கதைப்பாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அவளுடைய அறைக்குக் கதவு இல்லை. பிணைச்சலோடு கழற்றி, நிலவறைக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். உடுப்பு மாற்றக்கூட அவள் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. அவளும் அவருடைய மகள்தானே. ஒளித்து வைக்காமல் நேரே நின்று சொன்னாள்: "நான் இண்டைக்கு அண்ணா வீட்டை போய்ப் பாத்திட்டு வந்தனான்."

"சரி," என்றார்.

அடுத்த ஞாயிறு காரின் பின்பக்கத்தில் மெரின் தனியாக இருந்தாள். இரண்டு பக்கமும் வெறும் தளம்.

ஜூட் வீட்டை விட்டுப் போனவன். டிலானி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அதுதான் பயங்கரம். அவள் குசினிக்குள் வந்தால் அவர் திரும்ப மாட்டார். அவள் கேட்டால் காதில் விழாது. மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைப்பார். அக்கா நாலாவதை வைத்தால், ஒன்றும் பேசாமல் எடுத்துக் கழுவி அலுமாரிக்குள் அடுக்குவார். அவள் கதிரையில் இருந்தால், காலியான கதிரையை ஒதுக்குவதுபோல மெல்ல இழுப்பார். அவள் எழும்பத்தான் வேண்டும். எத்தனையோ பின்னேரம் எங்கள் வீட்டில்தான் அவள் சாப்பிட்டாள்.

"அன்ரி, நான் இருக்கிறன்தானே?" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூட ஆலோசகரிடம் சொல்லியிருந்தாள். சிறுவர் நலப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்து கதைத்தார்கள். வேறு இடத்தில் தங்க வசதி செய்து தருகிறோம், வருகிறாயா என்று அவளிடம் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். "நான் போனா அடுத்தது மெரின்தானே," என்று எனக்குச் சொன்னாள். அந்தப் பெண்கள் வந்தபோது அவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். மகளைப் பற்றி அவர்கள் கேட்க, "எந்த மகள்? மெரின் நல்லாப் படிக்கிறாள்," என்றாராம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியால் எங்களைக் கூட்டிவர அவர் வந்தார். அன்று காரில் பின்பக்கம் மூன்று இருக்கையும் இருந்தது. நிலவறையிலிருந்து எடுத்துப் பூட்டியிருக்கிறார். குழந்தை இருக்கையை வைத்து, பட்டியை இழுத்து, ஆட்டிப் பார்த்து, திருப்திப்படாமல் கழற்றி மறுபடி பூட்டினார். உறைபனி றோட்டில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். என் மகன் வாழ்க்கையில் முதலில் ஏறிய கார் அது.

வாசலில் இறங்கியதும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு இருக்கையையும் வெளியே எடுக்கத் தொடங்கினார்.

"இருக்கட்டுமே அண்ணை," என்றேன். குழந்தை கையில் இருந்த தைரியம். "நாளைக்குப் பூசைக்கு டிலானியும் வருவாள்தானே."

அவர் என்னை அன்போடுதான் பார்த்தார். "உங்களுக்கெண்டாப் போடலாம், தங்கச்சி. எப்பவெண்டாலும் கேளுங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன். அவர்களுடைய பல்கனியில் டிலானி நின்றுகொண்டிருந்தாள். அவர் இருக்கையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு நேர் கீழால் நடந்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நான் றீற்றா அக்காவிடம் கேட்டேன்: "நீங்கள் ஒண்டும் சொல்லேலாதோ அக்கா?"

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "சொல்லலாம். சொன்னா நான்தான் அடுத்தது. பேந்து இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கவும் அந்த வீட்டிலை ஆள் இராது." அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி, தனக்குத்தானே சிரிப்பதுபோலச் சொன்னா: "முன் சீற் அப்பிடிச் சுகமாக் கழலாது, தங்கச்சி. அதுக்கு ஸ்பானர் வேணும்."

அப்படியே நாள் போனது. டிலானி பள்ளிக்கூடம் முடித்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள். தங்கைக்காக அந்த வீட்டிலேயே இருந்தாள். லில்லெஸ்ட்ரோமில் ஜூட்டுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அக்கா போனா. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கடைப் பையோடு ரயிலேறிப் போய், பேரனைக் கையில் ஏந்திவிட்டு, வரும் வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வந்தா.

அந்த இரகசியம் இரண்டு கிழமைகூடத் தங்கவில்லை. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, விஷயம் தெரியாத ஒரு மனிதர் செனிக் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பேரன் பிறந்திருக்காம். றீற்றா கையிலை வைச்சுக்கொண்டு நிண்ட படம் பாத்தனான். அப்பிடியே உங்கடை மூஞ்சி!"

நான் பக்கத்தில் நின்றேன். அவர் சிரித்த முகத்தோடு கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, "மெரின், ஏறு," என்றார். அக்கா முன்னால் ஏறினா. கார் போனது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, ஜனவரி மாதப் பின்னேரம், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு சின்ன விளக்கு பனியில் எரிந்தது. செனிக்கின் முன்கதவு திறந்திருந்தது. அவர் ஒரு பழைய கம்பளத்தை விரித்து முழங்காலில் நின்று, பயணி இருக்கைக்குக் கீழே ஸ்பானரை விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்.

"பாத்து, தங்கச்சி," என்றார் நிமிராமல். "அதிலை வழுக்கும்."

நான் லிஃப்றுக்கு நிற்கவில்லை. படியால் ஓடி அவர்களுடைய கதவைத் தட்டினேன். அக்கா கரண்டியோடு வந்தா.

"அக்கா, அவர் முன் சீற்றைக் கழட்டுறார்."

அக்கா திரும்பிப் போய் அடுப்பை நிறுத்தினா. கரண்டியைக் கழுவி வைத்தா. "டிலானி, மேல்கோட்டைப் போடு. மெரின், புத்தகப் பை மட்டும் எடு," என்றா. அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக ஒருவர் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் போவதென்றால் அந்தக் காரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அவர்களோடு கூடப் போனேன். அக்கா முன்னால், பிள்ளைகள் பின்னால். பனி காலுக்குக் கீழே நொறுங்கியது. அவர் நிமிரவில்லை. ஆணி துருப்பிடித்திருந்ததுபோல. எண்ணெய் விட்டுவிட்டு, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா தாண்டினா. டிலானி தாண்டினாள்.

"மெரின்," என்றார்.

மெரின் நின்றாள். அவளைத்தான் அவருக்கு இன்னும் தெரிந்தது.

"எங்கை போறாய், குஞ்சு?"

"அம்மாவோடை போறன், அப்பா."

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நாங்கள் மூன்று பேரும் நின்ற பக்கம் பார்த்தார். வெறும் றோட்டைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ஆரோடை?" என்று கேட்டார்.

மெரினின் வாய் கோணியது. அழுதபடி வந்து தாயின் கையைப் பிடித்தாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்பானரை மறுபடி பூட்டினார். நாங்கள் வளைவு திரும்பும்வரை அந்த இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவருக்கு நானும் இல்லாமல் போனேன். லிஃப்றுக்குள் ஒன்றாக நிற்போம். நான் "வணக்கம் அண்ணை" என்பேன். அவர் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொள்வார். ஒருமுறை குழந்தை வண்டியோடு நான் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டார். கதவு வண்டியில் இடித்து இடித்துத் திறந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் அந்த வாரமே வேறு வீடு தேடத் தொடங்கினார். ஹவுகெட்டோவில் கிடைத்ததும் மாறிப் போனோம்.

றீற்றா அக்காவும் பெண்பிள்ளைகளும் ஜூட் வீட்டுக்குக் கிட்டவே சின்ன வீடு ஒன்று எடுத்தார்கள். மெரின் திரும்பவும் சத்தமாகச் சிரிக்கப் பழகினாள். அக்கா மட்டும் றோட்டில் நிம்மதியாக நடந்ததில்லை. இந்தக் காரைப் பார்த்து எல்லாக் கொம்பனிகளும் செய்த கார்கள் அப்போது நோர்வே முழுவதும் ஓடின. உயரமான கூரை, முட்டை உடம்பு, பின்னால் பிள்ளைகள். லில்லெஸ்ட்ரோமில் பாலர் பாடசாலை வாசலில் ஒரு பின்னேரம் நின்றால் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் கை பேரனின் தோளை இறுக்கும். கிட்ட வந்த பிறகுதான், சிவப்பு, நீலம், வேறு கொம்பனி என்று தெரியும்.

சிலவேளை அது அதுவாகவே இருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே கரும்பச்சைக் கார் எஞ்சின் ஓடியபடி நிற்பதை ஜூட் கண்டிருக்கிறான். உள்ளே ஓட்டுநர் இருக்கை மட்டும். மற்ற இடமெல்லாம் வெறுமை. அவன் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தட்டினானாம். அவர் நேரே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். பொலிசிடம் என்னவென்று சொல்வது? ஒரு மனிதர் றோட்டில் கார் நிறுத்தியிருந்தார், எங்களைப் பார்க்கவேயில்லை என்றா?

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு வசந்த காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து றீற்றா அக்காவுக்கு அழைப்பு வந்தது. வேலையிடத்தில் விழுந்துவிட்டார், மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. சட்டப்படி அக்காதான் இன்னும் மனைவி. போக வேண்டாம் என்றான் ஜூட். மெரின் போக வேண்டும் என்று அழுதாள். அக்கா என்னையும் வரச் சொன்னா. ஜூட் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே நின்றுகொண்டான்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் சாய்ந்திருந்தார். ஒரு பக்க வாய் கொஞ்சம் இறங்கியிருந்தது. மற்றபடி அதே மனிதர், வழித்துச் சீவிய தலை. நாங்கள் உள்ளே போனதும் எங்களைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். என்னை, டிலானியை, அக்காவை, எல்லோரையும். அவருடைய கண் எங்கள் மேல் பட்டு எவ்வளவு காலம்!

"வாங்கோ அம்மா," என்றார் அக்காவிடம். "இருங்கோ. நீங்களும் தமிழ் ஆக்களோ? இந்த ஊரிலை தமிழ் முகம் காணுறதே அருமை. எப்ப பிரான்சுக்கு வந்தனீங்கள்?"

அக்கா கதிரையின் நுனியில் இருந்தா.

"நான் வந்து கொஞ்சக் காலம். பேப்பர் இன்னும் வரேல்லை. என்ரை மனுசி நோர்வேயிலை நிக்கிறா." குரல் பழையபடி அமைதியாக இருந்தது. "மூண்டு பிள்ளையள். மூத்தவன் ஜூட். அடுத்தவள் டிலானி, வலு சுட்டி. கடைசிப் பிள்ளையின்ரை முகத்தை நான் இன்னும் காணேல்லை."

மெரின் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்பா என்று கூப்பிட வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். டிலானி அவருக்குக் கிட்டப் போனாள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் அவள் சுவரோடு போய்ச் சாய்ந்துகொண்டு முகத்தைப் பொத்தினாள்.

இது நோயா, வைராக்கியமா என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வைத்தியர் மூளைப் படத்தைக் காட்டி, பழைய நினைவுதான் தங்கியிருக்கிறது, புதியது வரலாம், வராமலும் விடலாம் என்றார். ஜூட் இன்றுவரை அதை நம்பவில்லை.

நாங்கள் எழும்பினோம். அவர் நல்ல கையை நீட்டி அக்காவின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அம்மா, நோர்வேப் பக்கம் போறனீங்களோ?"

"ஓம்," என்றா அக்கா. வந்ததிலிருந்து அவ பேசிய முதல் வார்த்தை.

"போனா என்ரை மனுசியைக் கண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுவீங்களோ? பயப்பிட வேண்டாமாம். எவ்வளவு காலமெண்டாலும் நான் வருவன். வந்து அவையைக் கூட்டிக்கொண்டு போவனாம்."

அக்கா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தா. கையை எடுத்துப் போர்வைக்கு மேல் வைத்தா. தலையாட்டினா.

வெளியே தாதியர் மேசையில் ஒரு இளம் நோர்வேப் பெண் இருந்தாள். அக்கா நேரே அவளிடம் போய், நோர்வேஜிய மொழியில் கேட்டா: "அவர் இனி நடப்பாரா? கார் ஓட்டுவாரா?"

தாதி எழும்பி மேசையைச் சுற்றி வந்து அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. "வயது பெரிதில்லை. உடம்பு பலமானது. பயிற்சி கொடுத்தால் எல்லாம் சாத்தியம். நம்பிக்கையை விடாதீர்கள். ஒருநாள் அவரே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், பாருங்கள்."

"நன்றி," என்றா றீற்றா அக்கா. பிறகு மெரினின் கையைப் பிடித்து, லிஃப்றுக்குக் காத்திராமல் படியால் இறங்கத் தொடங்கினா.